ஏ.ஆர். காப்பி

கிருத்திகை நாளில் கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்குப் போனவர்களுக்கு அந்த நெருக்கடி தெரியும். சாலையோரம் காவடிக் கூட்டம். அதை ஒட்டி ஊரும் பஸ்ஸும் லாரியும் ஆந்திரப் பதிவெண் கார்களும். சின்ன உரசல் போதும், இறங்கிச் சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

அடித்துக்கொண்ட பிறகு ஒருவர் வீட்டுக்குப் போகிறார். மற்றவர் நேரே அரசு மருத்துவமனைக்குப் போகிறார். எத்தனை மணிக்கு, எங்கே, எதனால் அடித்தார்கள் என்று அவர் சொல்வதையும், காயத்தின் இடத்தையும் அளவையும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அந்த ஏ.ஆர். காப்பிதான் வழக்கின் அடித்தளம். ‘கையால் அடித்தார்’ என்று அதில் இருந்து, கோர்ட்டில் ‘கட்டையால்’ என்று சாட்சி வந்தால், வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். நீங்களும் அடிபட்டிருந்தால் அன்றைக்கே போய் நடந்ததை மட்டும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாலு நாள் கழித்துக் கொடுத்தால், ‘கவுண்டர் கேஸுக்காக ஜோடித்தது’ என்பார்கள். தற்காப்புக்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடிக்கும் இடமில்லை.

கையால்தானே அடித்தோம் என்று அலட்சியமாக இருப்பவர்கள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கைப் பார்க்க வேண்டும். 1988 டிசம்பர் 27, பாட்டியாலா. சாலைத் தகராறில் சித்துவிடம் அடிபட்ட 65 வயது குர்நாம் சிங் இறந்துபோனார். சாவுக்குக் காரணம் அடியா, இதயக் கோளாறா என்ற மருத்துவக் கேள்வியில்தான் வழக்கே தொங்கியது. 1999-இல் விடுதலை, 2006-இல் உயர் நீதிமன்றத்தில் 3 ஆண்டு சிறை, 2018-இல் உச்ச நீதிமன்றம், அடியால்தான் சாவு என்பது நிரூபணமாகவில்லை என்று 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. குடும்பத்தார் சீராய்வு கேட்டார்கள். 2022 மே 19-இல் ஓராண்டு கடுங்காவல். உடல் வலுவுள்ளவனின் கையே ஆயுதமாகலாம் என்றது நீதிமன்றம். இறந்தவர் வீட்டுக்கு 33 ஆண்டு காத்திருப்பு. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையில் சாதாரணக் காயத்துக்குப் பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிபட்டவர் சம்மதித்தால் சமரசம் பேசி முடிக்கலாம். கூடவே ஆபாசமாகத் திட்டியதற்கு 296 சேர்ந்திருந்தால் அந்த வழி அடைபடும்; இரு தரப்பும் ராசியான பிறகும், வழக்கை ரத்து செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும்.