பழியை மீன்காரம்மா தலையில் போடாதீர்கள்

மே மாதம் வந்தால் போதும், ஒகேனக்கல் போய் வந்தவர் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: "மீன் வறுவல்தான் சார், பழைய எண்ணெயில போட்டுட்டா." ஒருகாலத்தில் நானும் அந்தக் கட்சிதான்.

புதுச்சேரியிலிருந்து வேனில் பதினான்கு பேர் போனோம். விடியற்காலை 3 மணிக்குத் தேங்காய்ச் சாதம் கிளறி, சூட்டோடு அண்டாவில் அமுக்கி மூடினோம். பரிசல் சுற்றிவிட்டு ஆற்றோரப் பாறையில் அதைத் திறந்தபோது பகல் 12 மணி. நாங்கள் வாங்கிய மீனை ஓர் அம்மாள் கண்ணெதிரே வறுத்துக் கொடுத்தார். 3 மணிக்குள் ஆறு பேருக்கு வாந்தி, என் ஏழு வயதுப் பேரன் உட்பட. எங்கள் ஆட்கள் அந்த அம்மாளோடு சண்டை பிடித்து, சமையல் கூலி கொடுக்காமலே கிளம்பினார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? வீடு திரும்பியதும் யார் எதைச் சாப்பிட்டார் என்று தாளில் கோடு போட்டு எழுதினேன். சனிக்கிழமை என்று மீனைத் தொடாத மச்சினிக்கு வாந்தி. மீனை மட்டும் தின்ற டிரைவர் கல் மாதிரி இருந்தார். வாந்தி எடுத்த ஆறு பேரும் சாதம் சாப்பிட்டவர்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் பஸ்தேரைப் படித்தவன் நான். கொதித்தால் கிருமி சாகும் என்பதோடு பாடத்தை மூடிவிட்டேன். அரிசியில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்து விஷத்தைக் கக்கும். பிறகு சுட வைத்தாலும் அந்த விஷம் போகாது. பாட்டிமார் வழிக்குப் புளிசாதம் கட்டியது வீணல்ல, புளிப்பில் அது அவ்வளவாகத் தழைக்காது. மற்றச் சாதமென்றால் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போகவேண்டும். கருத்த எண்ணெய்க் கடைகளும் உண்டு, அவர்களைத் தாராளமாகத் திட்டுங்கள். முதலில் உங்கள் அண்டாவைத் திறந்து பாருங்கள்.

வாந்தி வந்தால் "ஒன்றும் கொடுக்காதே" என்று பிள்ளையைக் காயப்போடுகிறார்களே, அது அதைவிடக் கொடுமை. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. வாய் வாயாகக் கொடுக்கவேண்டும். 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் டிரிப் பாட்டில் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இப்படி உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்துத்தான் காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். சிறுநீர் வற்றினாலோ, ரத்தம் போனாலோ, பிள்ளை துவண்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பென்னாகரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

மறு வருடம் கூலியைக் கொடுக்கப் போனேன். அந்த அடுப்பில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.