விடைபெறும் நாட்கள் யாருக்கு?

மலாவி, ஸாம்பியா, எஸ்வாத்தினி, தென்னாப்பிரிக்கா என்று ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் சபைக் குழுக்கள் குறுகிய கால ஊழியத்துக்குப் போகின்றன. பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவார்கள், அநாதை இல்லங்களில் பிள்ளைகளோடு விளையாடுவார்கள். கடைசி நாட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அமைகின்றன. பிரியாவிடை ஆராதனை, பரிசுப் பொருட்கள், குழுப் படம், கண்ணீர்; பிறகு க்ரூகர் பூங்காவில் யானைகளையோ விக்டோரியா அருவியையோ பார்த்துவிட்டு விமானம் ஏறுதல். அந்த அன்பு உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் ஊழியப் பயணத்தை எடைபோட இந்த நாட்களைவிடச் சரியான இடம் கிடையாது. வந்தவர்களின் மனநிறைவுக்கு அவை செலவாகின்றனவா, அங்கேயே இருக்கப்போகிறவர்களிடம் வேலையை ஒப்படைக்கச் செலவாகின்றனவா என்று பார்த்தால், பயணம் யாருக்காக நடந்தது என்பது தெரிந்துவிடும்.

பிரிவின் விலையை முதலில் கொடுப்பவர்கள் இல்லங்களில் வளரும் சிறு குழந்தைகள். ஆய்வாளர்களான லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் எய்ட்ஸ் அநாதைகளைத் தேடி வரும் தன்னார்வலர்களைப் பற்றி 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வளரும் குழந்தை முன்பின் தெரியாத யாரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். வந்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பற்று நிலைபெறாததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். குழு கிளம்பும்போது அந்தப் பிணைப்பு அறுகிறது. அடுத்த குழு வரும், மீண்டும் ஒட்டும், மீண்டும் அறும். அதே வேலையைச் செய்யக்கூடிய உள்ளூர் இளைஞர்கள் வேலையின்றி இருக்கையில், வெளியிலிருந்து வருபவர்கள் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது என்றும் ரிக்டரும் நார்மனும் எச்சரித்தார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானமும் அநாதை இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலா தரும் தீங்கைக் குறிப்பிட்டது. பிள்ளைகள் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள் என்பார்கள். இருந்திருப்பார்கள், ஆனால் அந்த நாளின் சிரிப்பைக் கொண்டு அதற்கு அடுத்த மாதத்தை அளக்க முடியாது.

ஆப்பிரிக்காவின் இந்தத் தென்பகுதியில் விசுவாசத்துக்கோ தொண்டுக்கோ பஞ்சம் இருந்ததில்லை. ஸாம்பியா 1991-இல் தன்னைக் கிறிஸ்தவ நாடாக அறிவித்துக்கொண்டது. மலாவியில் மக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். எய்ட்ஸ் நோய் மிகக் கடுமையாக இருந்த காலத்தில், மருந்தே கிடைக்காதபோது, நோயாளிகளைத் தேடி வீட்டுக்குப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஸாம்பியாவில் சிக்கன்காட்டா என்ற இடத்தில் உள்ள இரட்சணிய சேனை மருத்துவமனை 1987-வாக்கிலேயே வீட்டுப் பராமரிப்பைத் தொடங்கிவிட்டது. ஸிம்பாப்வேயின் முட்டாரே பகுதியில், 1990-களில், கிராமச் சபைகளைச் சேர்ந்த பெண்கள் பெற்றோரை இழந்த பிள்ளைகளை அவர்களுடைய சொந்த வீடுகளிலேயே முறைவைத்துப் பார்த்துவந்தார்கள். அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, வயதான பாட்டியால் சமாளிக்க முடிகிறதா என்பதுதான் அவர்கள் கேட்டது. இப்பகுதியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்வது இல்லங்களில் அல்ல, பாட்டிமார், அத்தைமார் வீடுகளில்தான். அந்தப் பெண்களும் தன்னார்வலர்களே. அவர்களுடைய ஊழியத்தில் விடைபெறும் நாள் என்று ஒன்று இல்லை.

போய்வந்தவர்களின் வாழ்க்கை மாறுகிறது, பிறகு காலமெல்லாம் கொடுப்பார்கள், அதுவே போதும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான நம்பிக்கைதான். ஆனால் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், 1998-இல் மிட்ச் புயல் தாக்கிய ஹொண்டூராஸில் வீடு கட்டப் போன குழுக்களை ஆராய்ந்தார். போனவர்களின் கொடையிலோ ஜெபத்திலோ பெரிய மாற்றம் நிலைத்ததாக அவரால் காண முடியவில்லை. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடும் தென்படவில்லை. நாடு வேறானாலும் இதே பயணமுறைதான் ஆப்பிரிக்காவிலும் என்பதால் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: குழுக்கள் கொண்டுவரும் பணம் நின்றால் சில இல்லங்கள் மூடப்படும். உண்மை. ஆகவே திடீரென நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குத் திரும்பவும், அந்த வீடுகளுக்கு உதவி போய்ச்சேரவும் அதே பணம் படிப்படியாகத் திருப்பிவிடப்பட வேண்டும் என்கிறேன்.

பயணமே கூடாது என்பதும் என் கட்சி அல்ல. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் மருத்துவக் குழு ஒழுங்காக நடந்தால் அதன் கடைசி நாட்கள் எப்படி இருக்கும்? கட்டுப் பிரிக்க வேண்டிய நோயாளிகளின் பட்டியல் உள்ளூர்ச் செவிலியர் கைக்குப் போகும். சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்று முடிவாகும், மிஞ்சும் மருந்து கணக்கெழுதி ஒப்படைக்கப்படும். அதே ஒழுங்கைச் சபைக் குழுக்களிடமும் கேட்கலாம். கடைசி நாட்களில் பிள்ளைகளிடம் புதிய நெருக்கம் தேட வேண்டாம். என்றைக்குப் போகிறோம், இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவர்களுக்குப் புரியும்படி முதல் நாளிலிருந்தே சொல்ல வேண்டும். பரிசுகளைக் கையோடு கொடுத்துப் படமெடுக்காமல் உள்ளூர்ச் சபையிடம் விட்டுவிடலாம். ஒரு முழு நாளை, அந்த ஊர்ப் போதகரும் மாதர் சங்கப் பெண்களும் பேச, வந்தவர்கள் கேட்பதற்கு ஒதுக்க வேண்டும். அடுத்த ஆண்டு குழு வர வேண்டுமா, விமானக் கட்டணத்தை மட்டும் அனுப்பினால் போதுமா என்பதும் அன்று கேட்கப்பட வேண்டும். ஆனால் எந்தப் பதில் சொன்னாலும் உதவி நிற்காது என்று முன்கூட்டியே உறுதி கொடுத்துவிட்டுத்தான் அதைக் கேட்க முடியும். இல்லையென்றால், ‘வாருங்கள்’ என்ற பதிலைத் தவிர வேறெதைச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வரும்?