புகைச் சான்றும் ஒரு சிறு திருகும்

ஜனக்புரியில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள் பச்சை விளக்கு விழுந்ததும் ஒருகணம் திக்கிவிட்டே நகர்கிறது. பழி பெட்ரோல் பங்க்கின் மேல் விழுகிறது. காரணமோ பெரும்பாலும் கார்புரேட்டரின் கலவைத் திருகில் இருக்கிறது.

இருசக்கர வண்டிகளின் புகைச் சோதனை, வண்டி நின்றபடி ஐட்லிங்கில் ஓடும்போது மட்டுமே நடக்கிறது. சான்றுக்காகத் திருகை மாற்றி எரிபொருளைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு இறங்கும். ஆனால் த்ராட்டில் திறக்கும் முதல் நொடியில் பைலட் ஜெட்டே எரிபொருள் தர வேண்டும். கலவை அங்கே மெலிந்திருந்தால் எஞ்சின் தடுமாறும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அம்மெலிவைக் கூட்டுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். உணரி பொருத்திய இன்ஜெக்‌ஷன் வண்டி இவ்வேறுபாட்டைத் தானே ஈடுசெய்யும். ஜெட்டின் பித்தளைத் துளை செய்யாது.

பைலட் ஜெட்டைக் கழற்றி, கம்பியால் குத்தாமல் காற்றால் ஊதுவதும், இன்டேக் ரப்பரில் வெடிப்பைத் தேடுவதுமே முதல் வேலை. திருகு கடைசியில், அதுவும் எஞ்சின் சூடேறிய பின். (டெல்லியின் ஜனவரிக் காலையில் இப்பொறுமை எளிதன்று.)

பிஎஸ்-4 வண்டிகள் 2020 மார்ச் வரை விற்பனையாயின. அவற்றுள் பல கார்புரேட்டர் வண்டிகளே. அவை இன்னும் சில ஆண்டுகள் ஓடும். அதுவரையேனும் சோதனை மையங்கள் த்ராட்டிலைத் திறந்தும் புகையை அளக்க வேண்டும்.