உப்பளத்துக்கு ஒரு மல்யுத்த மேட்

ஆட்டம் மொத்தம் 6 நிமிடம். மும்மூன்றாக இரண்டு சுற்று. அதற்குள் ஒரு பள்ளி மாணவி சட்டென்று குனிந்து எதிராளியின் காலைக் கவ்வி, பின்பக்கமாகச் சுற்றி வந்து அவளை மேட்டில் அமுக்கி 2 புள்ளி எடுப்பதைப் பார்த்தவர்கள், “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் குஸ்தி?” என்று கேட்க மாட்டார்கள்.

ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் நுழைந்ததே 2004இல்தான். 2016இல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றார். 2022இல் அந்திம் பங்கால் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 17, நம் பிளஸ் டூ பிள்ளைகளின் வயது. இருவரும் ஹரியாணாக்காரர்கள். அங்கே பலாலி கிராமத்து மகாவீர் சிங் போகாட் போன்ற தகப்பன்மார் ஊர்ப்பேச்சைக் காதில் வாங்காமல் மகள்களைக் களத்தில் இறக்கினார்கள். அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

கபடியில் பாடி வருபவளின் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் புதுச்சேரிப் பெண்ணுக்கு இந்த வித்தையில் பாதி ஏற்கெனவே கைவசம். அவளுக்காக உப்பளம் மைதானத்தில் ஒரு மேட்டும் மாலை நேரமும் ஒதுக்கிக் கொடுங்கள். பயிற்சியாளர் பெண்ணாக இருக்கட்டும். 2023இல் பாலியல் துன்புறுத்தல் புகாருடன் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, இதில் பேரம் கூடாது. எடைப் பிரிவுக்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதையும் பள்ளிகள் அனுமதிக்கக் கூடாது. பள்ளிப் போட்டி முடிவுகளை உள்ளூர் நாளிதழ்கள் பெயரோடு, எடைப் பிரிவோடு, படத்தோடு போடட்டும். அந்தப் பக்கத்தை முதலில் படிப்பவன் நானாக இருப்பேன்.