லாவோஸ்: குண்டு மாரியும் பிக்ஷா பாத்திரமும்

லாவோஸ் நாட்டைப் பற்றித் தோழர்கள் சிலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். "வியத்நாம் யுத்தம் தெரியும், லாவோஸில் என்ன யுத்தம் நடந்தது?" என்கிறார் ஒரு மில் தோழர். விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "கம்யூனிஸ்டுகள் ஆளும் நாட்டில், உழைக்காமல் பிச்சை வாங்கிச் சாப்பிடும் பிக்ஷுக்களை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?"

மில் தோழருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. உலகத்துக்குத் தெரியக்கூடாது என்றே அந்த யுத்தத்தை நடத்தினார்கள். லாவோஸ் 1893 முதல் பிரெஞ்சுக்காரனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. 1954 ஜெனீவா உடன்படிக்கையைக் கண்காணித்த சர்வதேசக் கமிஷனுக்கு நம் இந்தியாவே தலைமை வகித்தது. 1962-ல் மறுபடியும் ஜெனீவாவில் கூடினார்கள். லாவோஸ் நடுநிலை நாடு, அந்நியத் துருப்பு எதுவும் அங்கே இருக்கலாகாது என்று கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்ட அமெரிக்காவோ, மோங் மலைவாசிகளைக் கொண்டு சி.ஐ.ஏ. திரட்டியிருந்த ரகசியப் படையைக் கலைக்கவில்லை. வட வியத்நாம் படையும் அங்கே இருந்தது. ஹோ சி மின் பாதை லாவோஸ் காடுகளின் வழியாகத்தான் சென்றது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காகக் குடியானவன் குடிசை மேல் குண்டு போட எவனுக்கு உரிமை உண்டு?

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அப்போது நாட்டின் ஜனத்தொகை 30 லட்சம்கூட இல்லை. கைக்குழந்தை முதல் கிழவி வரை, தலைக்குச் சுமார் பத்து நெல் மூட்டை எடை. ஜாடிச் சமவெளியில் ஜனங்கள் பகலெல்லாம் குகையில் பதுங்கியிருந்து, இரவில் வந்து வயலை உழுதார்கள். குகையும் காப்பாற்றவில்லை. 1968 நவம்பர் 24-ந் தேதி தாம் பியூ குகைக்குள் ராக்கெட் பாய்ந்தது. உள்ளே இருந்த சுமார் 370 பேர் மாண்டார்கள்.

கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் 27 கோடி. சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. லாவ் மக்கள் இதைப் 'பொம்பி' என்கிறார்கள். பார்வைக்குப் பந்து மாதிரி இருக்கும். குழந்தை எடுத்து விளையாடும், மண்வெட்டி பட்டாலும் வெடிக்கும். யுத்தம் முடிந்த பிறகு 20,000 பேருக்கு மேல் இப்படிச் செத்தும் ஊனமாகியும் போனார்கள். 2016-ல் வியந்தியானுக்கு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, இவற்றை அகற்ற மூன்றாண்டுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அப்போது யுத்தம் நின்று 43 வருஷம் ஆகியிருந்தது!

இனி பிக்ஷு விஷயம். தோழரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த மடங்களின் வயலில் முதுகு ஒடிந்தவர்களின் கோபம் அது. லாவ் கிராமத்துப் பிக்ஷு வேறு மாதிரி. ஏழை வீட்டுப் பையன் எழுத்துக் கற்றது கோயிலில்தான். சில மாதமோ சில வருஷமோ காவி உடுத்திவிட்டுத் திரும்பிவந்து ஏர் பிடிப்பான். விடியற்காலையில் தாய்மார் மண்டியிட்டுப் பாத்திரத்தில் ஒரு பிடி பசையரிசிச் சோறு இடுவார்கள். அதனால் வரும் பலனை 'பூன்' என்பார்கள். நாம் சொல்லும் புண்ணியம்தான் அது. அந்தப் புண்ணியம் செத்துப்போனவர்களுக்கும் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்தோருக்காகச் சோற்றுப் பொட்டலம் கட்டித் தரையில் வைக்கும் பண்டிகையே ஒன்று உண்டு.

யுத்த காலத்தில் பாதெட் லாவ் இயக்கம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. பிக்ஷு சொன்னால் கிராமம் கேட்கும் என்று தெரிந்து அவர்களை அரவணைத்தது. 1975 டிசம்பர் 2-ந் தேதி மன்னராட்சி போய் மக்கள் ஜனநாயகக் குடியரசு வந்தது. 1976-ல் தலைவர் பூமி வோங்விசித், புத்தர் நாடியதும் புரட்சி நாடுவதும் ஒன்றே என்று பிக்ஷுக்களிடையே பேசினார். அதே வருஷம்தான், பிக்ஷுக்களுக்குச் சோறிடக் கூடாது, அவர்களே பயிரிட்டு உண்ணட்டும் என்று சர்க்கார் தடை போட்டது.

நம் தோழர் கேட்ட கேள்விக்கு அதிகாரத்தில் இருந்தவர்கள் அன்று சொன்ன பதில் இது. என் அபிப்பிராயத்தில் அது பெரும் பிசகு. ஒன்பது வருஷக் குண்டுவீச்சில் பறிகொடுக்காத வீடு எத்தனை இருந்திருக்கும்? செத்த மகனுக்குத் தாய் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அந்த ஒரு பிடி சோறு. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், சர்க்கார் இறங்கி வந்தது: முதலில் சோறு மட்டும் இடலாம் என்றது, பிறகு தடையையே எடுத்துவிட்டது. ஆனாலும் பிக்ஷுக்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். 1979-ல் 87 வயதான சங்கராஜா தம்மயானோ, மோட்டார் டியூபுகளைக் கட்டிய மிதவையில் மேகாங் நதியைக் கடந்து தாய்லாந்து சேர்ந்தார். அந்த வயதில் ஒரு கிழவரை ஆற்றில் இறங்க வைத்ததை எந்தச் சித்தாந்தம் கொண்டும் நியாயப்படுத்த நான் தயாரில்லை.

1991-ல் அரசுச் சின்னத்திலிருந்து அரிவாள் சுத்தியலை எடுத்துவிட்டு, 1566-ல் செத்தாதிராத் மன்னர் கட்டிய தாட் லுவாங் ஸ்தூபியைப் பொறித்தார்கள். சின்னம் போனதில் எனக்கு வருத்தம்தான். விவசாயத் தொழிலாளித் தோழர் இதற்கு என்ன சொல்கிறார் என்று எழுதட்டும்.