இரண்டு செட், ஒரு மின்விசிறி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அந்தச் சந்துகளில் நின்று ஐந்து வாட் கைக்கருவியில் பேசும் ஹாம் வானொலிக்காரரின் குரல் நகரின் மறுகோடியை எட்டுவது அபூர்வம். வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, கட்டடங்கள் மறித்துவிடும். உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் கதையே வேறு. மெலிந்த குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொன்றில் உரக்கச் சொல்லிவிடும்.

இதற்கென்றே தயாராகும் கருவியின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. எனவே காரில் பொருத்தும் மொபைல் செட் இரண்டைக் கோத்துவிடுகிறார்கள். ஒன்று கேட்கும், மற்றது பேசும். நடுவே ஒரு சின்ன சர்க்யூட். அதற்கான உதிரி பாகங்கள் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும்.

சிக்கல்கள் இரண்டு. முதலாவது, சூடு. மொபைல் செட் அரை நிமிடம் பேசி, பல நிமிடம் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. ரிப்பீட்டருக்கோ ஓய்வே கிடையாது. 50 வாட் செட்டை முழு பலத்தில் ஓட்டினால் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டர் கருகும். 10 வாட்டுக்குக் குறைத்து, ஒரு மின்விசிறியை வைப்பதே விவேகம். எட்டும் தூரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம்தான், வாட் அல்ல.

இரண்டாவது, செவிடு. 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் வழக்கமான இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். பக்கத்தில் ஒருவர் கத்தும்போது தூரத்து முணுமுணுப்பு காதில் விழுமா? டூப்ளெக்சர் என்ற வடிகட்டி தேவை. அது இல்லாதவர்கள் ஒரு பட்டையில் வாங்கி வேறு பட்டையில் அனுப்புகிறார்கள். 2005 மே 5இல் ஏவப்பட்ட இஸ்ரோவின் ஹாம்சாட் செயற்கைக்கோளும் 435இல் வாங்கி 145இல் அனுப்பியது. 2014 வரை உழைத்தது.

பொழுதுபோக்குக்கு இத்தனை மெனக்கெடலா? 2004 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் ஊமையானபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவின் ஹாம் கருவிகள்தான் வெளியுலகுக்குச் செய்தி சொல்லின. அப்படி ஒரு நாள் நகரத்துக்கும் வரலாம். மத்திய அரசின் உரிமமும் அனுமதியும் பெற்று, முன்கூட்டியே சோதித்து வைத்த ரிப்பீட்டர்தான் அன்று கைகொடுக்கும். 50 வாட்டில் அலறி ஒரு மணி நேரத்தில் கருகுவதைவிட, 10 வாட்டில் விடிய விடியப் பேசுவது மேல்.