தீர்ப்பின் உயிர் கரணியமே!

ஒருவரைச் சிறைக்கு அனுப்ப ஒரு கையெழுத்துப் போதும். ஆயினும், அவர் ஏன் சிறைசெல்கின்றார் என்பதை எழுத்திற் காட்டினாற்றான் அது தீர்ப்பு. காட்டாவிடின் வெறுங் கட்டளையே.

கோவலன் கொலையுண்டது தமிழர் அறியாததன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் காவலர்க்கு இட்டது கட்டளை. அதில் ஒறுப்பு இருந்தது. ஆராய்வும் இல்லை, கரணியமும் இல்லை. சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்த பின்னரே உண்மை விளங்கிற்று. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது.

அத்தகு பிழை நேராதிருத்தற்கே, குற்றவியல் தீர்ப்பில் இருக்க வேண்டுவன இவையெனச் சட்டம் வரையறுத்துள்ளது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவாக இருந்த அவ் வரையறை, 1–7–2024 முதல் நடப்பிலுள்ள புதுச் சட்டத்தின் 393-ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. (அதன் ஆங்கிலப் படிக்கும் 'பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதா' என்றே பெயரிட்டமை தனிக்கொடுமை!) தீர்ப்பு அம் மன்றத்தின் மொழியில் எழுதப்படல் வேண்டும். தீர்வுக்குரிய வினாக்கள் இவை, அவற்றின் முடிபு இது, முடிபுக்குக் கரணியம் இது என நிரல்படக் கூறல் வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால், எக்குற்றம், எச்சட்டத்தின் எப்பிரிவு, என்ன ஒறுப்பு என்பன விளங்க வேண்டும். மெய்ப்படாவிடின், எக்குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டார் எனக் குறித்து, விடுதலை செய்யப் பணித்தல் வேண்டும். சாவொறுப்பாயின், அதற்கெனச் சிறப்புக் கரணியமும் எழுதப்படல் வேண்டும்.

நன்று! ஆனால், இக் கரணியமெல்லாம் யார்க்காக? மேன்முறையீட்டு நடுவர்க்கு மட்டுமா? ஒறுக்கப்படுபவர்க்கன்றோ முதற்கண் விடை கூறவேண்டும்? இங்கேதான் சட்டம் சறுக்குகின்றது. தீர்ப்பு முழுமையும் படிக்கப்படாதபோது, அதன் பிழிவைக் குற்றஞ்சாட்டப்பெற்றவர்க்கு 'அல்லது' அவர்தம் வழக்குரைஞர்க்கு விளங்கும் மொழியிற் கூறினாற் போதும் என்கின்றது 392-ஆம் பிரிவு. அந்த 'அல்லது' என்னும் ஒரு சொல், சிறைசெல்பவரின் செவியை அடைத்துவிடுகின்றது. 404-ஆம் பிரிவின்படி அவர் தம் மொழியில் தீர்ப்பின் பெயர்ப்பைக் கேட்கலாம். ஆனால் 'இயலுமாயின்' கிடைக்குமாம்!

தமிழ்நாட்டின் கீழமை மன்றங்களில் தமிழிலேயே தீர்ப்பெழுத வழிசெய்யும் ஆட்சிமொழிச் சட்டத்திருத்தம் 1976-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. உயர்முறை மன்றத்திலோ, அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவால் இன்றும் ஆங்கிலமே கோலோச்சுகின்றது. எனவே, ஆங்கிலம் அறியாத தமிழர் ஒருவர், தம் மேன்முறையீடு தள்ளப்பட்டது ஏன் என்பதைப் பிறர் வாய்ச்சொல்லாலேயே அறிய வேண்டியுள்ளது.

'அல்லது', 'இயலுமாயின்' என்னும் இரு சொற்களையும் நாடாளுமன்றம் நீக்கல் வேண்டும். அதுவரை, தமிழ் வழக்குரைஞர்கள் ஒவ்வொரு வழக்கிலும் வேண்டுகை எழுதித் தமிழ்ப்படி கேட்டுப் பெறுவாராக! மேன்முறையீட்டுக்குரிய தீர்ப்பாயின், அப் படிக்குப் பணம் செலுத்த வேண்டுவதில்லை என்பதையும், சிறைப்பட்டார்தம் வீட்டார்க்கு எடுத்துரைப்பாராக! ஒறுக்கப்பட்டவர்க்கு விளங்காத கரணியம், எழுதப்படாத கரணியமே.